நோட்டில் எழுதாத கறி

ஆட்டுக்கால் சூப்பு வைக்கும்போது அவசரப்படக் கூடாது. காலைத் தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, சிறு தீயில் மூன்று மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் யார் நோயில் படுத்து எழுந்தாலும் முதலில் இதைத்தான் கொடுப்போம். பசுவந்தனைப் பக்கம் தோட்டம் தோட்டமாய் ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஆட்டுக்கறி ஒருத்திக்கு ஆகாமல் போகும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? தொடக்கத்தில் எனக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் அம்மா, அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தீபலட்சுமி என் தம்பி மாரிராஜின் மனைவி. கோவில்பட்டி டவுனில் வளர்ந்த பெண். கல்யாணமான மறுவருஷம், ஒரு சாயங்காலம் விளக்கேற்றப் போனவள் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தாள். உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. "மதினி, கழுத்த யாரோ புடிக்காவ" என்றாள். பிறகு பேச்சு வரவில்லை. மூச்சுக்காக அவள் வாய் திறந்து மூடியதை நான் மறக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தெம்புக்குச் சூப்பு வைத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே மறுபடியும் விழுந்தாள்.

கடைசியாக எதைச் சாப்பிட்டாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். காபியா, முறுக்கா என்று பார்த்தார்கள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா மட்டும், காலையிலிருந்து வாயில் போடுவதையெல்லாம் நேரத்தோடு எழுதி வரச் சொன்னார். அவசரத்துக்கு வீட்டில் வைத்திருக்க மருந்தும் சிரிஞ்சும் தந்து, தொடையில் எப்படிக் குத்துவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் பத்தாவது வரை படித்தவள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். நோட்டு என் பொறுப்பானது.

நோட்டு எழுதத் தொடங்கிய எட்டாவது மாதம் ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். விழுந்த நாளிலெல்லாம் மத்தியானம் ஆட்டுக்கறியோ சூப்போ இருந்தது. நாலைந்து மணி நேரம் கழித்து வருவதால் யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் சும்மா ஒரு சந்தேகத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாதல்லவா? ஒரு ஞாயிறு கோழி சமைத்தேன். ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு ஆடு. விழுந்தாள். மறுபடி கோழி, மறுபடி ஆடு. மூன்று முறை பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன். மூன்று முறையும் ஊசியைக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள்.

நோய் வருவதற்கு முன்பு கோவில்பட்டியில் அவர்கள் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். தீபாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. "எக்கா, நீ இங்கனயே இருந்துக்கோ. ஆடு இருக்குல்லா" என்றான் மாரிராஜ். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபின், தம்பி வீட்டுக்கு வருமுன், ஆறு மாதம் தனியாக இருந்தவள் நான். யாரிடமும் பேசாமல் நாட்கள் போகும். ஒருநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாய் திறந்தேன், குரல் வரவில்லை. கண்டக்டர் என்னை ஊமை என்று நினைத்துச் சைகை காட்டினார். அந்தப் பயம் உங்களுக்குத் தெரியாது.

தீபா நோயில் விழுந்தபின் டவுன் வீட்டுப் பேச்சு நின்றது. "நீ இல்லன்னா இவள என்னைக்கோ பொதச்சிருப்பேன்க்கா" என்றான் தம்பி. நோட்டில் கறி இருந்த பக்கங்களைக் கிழித்து, கத்தரிக்காய் என்றும் கருவாடு என்றும் புதிதாக எழுதினேன். எழுதியதையெல்லாம் தீபா ஒவ்வொன்றாக விட்டாள். பிறகு சாப்பாட்டைக் கண்டாலே நடுங்கினாள். என் கையால் கொடுத்தால் மட்டும் வாய் திறப்பாள். பக்கத்து வீட்டுத் தங்கமாரி, "ஒன் மதினி கையில தேனா ஒழுகுது? எங்க வீட்டுத் தண்ணியக்கூடத் தொட மாட்டேங்கியே" என்று அவளைக் கேலி செய்தாள். தீபா சிரித்தாள். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கறி கொடுத்தேன். அவள் தெளிந்து, டவுன் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கும்போது மட்டும்.

போன தடவை டாக்டரம்மா புதிதாக ஒன்று கேட்டார். உண்ணி கடித்ததுண்டா? சில உண்ணிக்கடிக்குப் பிறகு சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஆகாமல் போகுமாம். முதல் தடவை விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு, கிடைக்குச் சோறு கொண்டுபோன தீபாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த உண்ணியை நான்தான் பிடுங்கி எறிந்தேன். டாக்டரம்மா இதைக் கேட்டபோது ஊசி மயக்கத்தில் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள் அவள். "அவ கிடைப் பக்கமே வாரதில்ல டாக்டரம்மா" என்றேன். அவர் தாளில் அதை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆனால் தீபா அரைகுறையாகக் கேட்டிருக்க வேண்டும்; நான் கொடுப்பதில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் பட்டிருக்கும். இந்த ஞாயிறு சூப்பை நீட்டியபோது வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"மதினி, நீங்க ஒரு வாய் குடிங்க."

அவள் கண்ணெதிரே பாதிக் கிண்ணம் குடித்தேன். எனக்கு அது ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் அழுதாள். "ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் குடித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் விழுந்தபோது வீட்டில் மருந்து தீர்ந்திருந்தது. முந்தின தடவை போட்டதோடு முடிந்துவிட்டது. வாங்கி வரச் சொல்ல மறந்துபோனேன். என்மேல் குற்றம் என்றால் அந்த மறதி ஒன்றுதான். ஆட்டோ வந்து, கோவில்பட்டி போய்ச் சேரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. வழியெல்லாம் அவள் நகம் என் கையில் பதிந்திருந்தது.

தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாமல், அவள் நர்ஸிடம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினீர்கள். மதினியை உள்ளே விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாள். மருந்து மயக்கம், பயந்துபோயிருக்கிறாள், பாவம். ஐந்து நிமிஷம் என்னை உள்ளே விடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குப் பயம் தெளிந்துவிடும்.