திங்கட்கிழமை கமிட்

முறுக்கு எடுத்துக்கொள், ஜானிஸ். புந்தோங்கில் வாங்கியது. கிளெனுக்கு இது இல்லாமல் மாலைத் தேநீர் இறங்காது. நீ பழகிய காலத்தில் அவனுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏற்படுத்தியது.

உன் கைப்பேசிப் படத்தை நான் பார்த்துவிட்டேன், இனி நீட்ட வேண்டாம். தனேஸ்வரனின் சவப்பெட்டியைச் சுமப்பவர்களில் முன்னால் நிற்பது கிளென். திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. அதே மூன்று பத்துக்கு அவன் ஈப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து கமிட் போட்டதாக, கணினி நிரலில் திருத்தம் பதிந்ததாக, விசாரணை அறிக்கை சொல்கிறது. ஐந்து வருடம் கழித்தாவது ஒருத்தி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

"எப்பிடின்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்கிறாய். சொல்கிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய உருளைகள் உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கதவு திறக்கக் கூடாது. பாகான் டத்தோ பக்கத்து ஆலைக்கு அந்தக் கதவை இயக்கும் நிரலை எழுதியது எங்கள் குழு. குழுவுக்குத் தலைவி நான். அழுத்தமானி பழுதானால் உள்ளே அழுத்தமே இல்லை என்று நிரல் நினைத்துக்கொள்ளும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் கிளென். வியாழக்கிழமையே திருத்திக் கமிட் போட்டான். நான் ஒப்புதல் கொடுத்தால்தான் ஆலைக்குப் போகும்.

கூடவே உங்கள் இருவரின் கல்யாணப் பத்திரிகையையும் என் மேசையில் வைத்தான்.

"ரெண்டையும் இன்னைக்கே பாத்துருங்கலா, அக்கா. கமிட்டு அவசரம். கல்யாணத்துக்கு நீங்க வராட்டி நான் தாலியே கட்டமாட்டேன்."

மூன்று வருடம் அவனுக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவள் நான். அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அன்று இரண்டையும் நான் திறக்கவில்லை. வேலை அதிகம் என்று வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டான். திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மாலை ஆலையில் வேலையில் இருந்த தனேஸ்வரன் அந்தக் கதவருகே நின்றிருந்தான். கதவு திறந்தது. பெட்டியை ஏன் மூடியே வைத்திருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அலுவலகமே சாவு வீட்டுக்குப் போயிருந்தது. எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தேன். கமிட்டில் எழுதியவர் பெயர் நாம் கொடுப்பது. நேரம், கணினியின் கடிகாரம் சொல்வது. யாரும் வந்து சாட்சி சொல்வதில்லை. வியாழக்கிழமைக் கமிட்டை அழித்துவிட்டு, அதே வரிகளை அவன் பெயரில் புதிதாகப் போட்டேன். மணியை நான் தொடவே இல்லை. அது நான் போட்ட நேரம். அந்த வகையில் அதில் பொய் இல்லை.

ஆள் செத்த பிறகு ஓட்டையை ரகசியமாக அடைத்தவன் என்று அவனுக்குப் பெயர் வந்தது. விசாரணைக்கென்று எல்லோருடைய மடிக்கணினியையும் வாங்கி வைத்ததும் நான்தான்; அவனுடையதில் வியாழக்கிழமைப் பிரதி இருந்தது. முதலில் எல்லோருக்கும் கமிட்டின் தேதியை மட்டும் எடுத்துக் காட்டினேன். மணியோடு முழு அறிக்கை வந்தபோது அவன் எதையும் படிக்கிற நிலையில் இல்லை. வேலை போனது. அவன் அம்மா குழந்தையம்மாள் கேஸ் முடியும் முன்பே இறந்துபோனார். நீ மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாய். உன்னை நம்பச் சொன்னது நான் இல்லை, ஜானிஸ். நீயும் அந்தச் சாவுக்குப் போயிருந்தாய். அவன் எங்கே நின்றான் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை, எத்தனை மணிக்குப் போட்ட கமிட் என்று கேட்டிருக்கலாம்.

நான் விடவில்லை. வக்கீல் வீட்டுக்கு அவனோடு நடந்தேன். சாப்பிட வைத்தேன். இப்போதும் சில நாள் சாப்பாட்டில் கை வைத்தபடி, "வியாழக்கிழமையே அனுப்பினேன்ல?" என்று கேட்பான். ஆமாம், நான் நம்புகிறேன் என்பேன். இந்த ஊரில் அவனிடம் அதைச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

கார் சத்தம் கேட்கிறது. அவன்தான். அவனிடம் தாராளமாகச் சொல், நான் தடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் வாசலில் நிற்பான். பிறகு உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்வான். எங்கே போவான்? அவனுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லாமல் போய்விட்டது, பாவம்.