கலியாணம் முடியும்வரை வல்லாரை வேண்டாம்

நெடுங்கேணி பஸ்ஸில் மழைக்காற்றுக்கு வாய் பிளந்து கனவு கண்டுகொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒருத்தி நீட்டிய வல்லாரைக் கட்டை மற்றவள் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம் மச்சாள். என்ரை மனிசனுக்கு ஞாபகம் வந்திடும்."

"வரத்தானே குடுக்கிறது! இதிலை இருக்கிற சத்து மூளை நரம்புக்கு நல்லதாம்."

"வாய்க்கால் தண்ணிச் சண்டையிலை அவருக்குத் தம்பியாரோடை பத்து வருசமாக் கதையில்லையெல்லோ? அதை மறந்துபோய், முந்தநாள் அங்கை தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கிறார். மகளின்ரை கலியாணம் முடியட்டும், பிறகு சம்பல் போடுறன்."

தினமும் வல்லாரை தின்றும் மூன்று குடை தொலைத்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அப்ப தம்பியாரும் மறந்திட்டாரோ?"

"இல்லை மச்சாள், அவருக்கு எல்லாம் வடிவா ஞாபகம். ஆனா, 'அண்ணை, சீனி காணுமோ, இன்னும் போடவோ?' எண்டு கேட்டவராம்."