கீழே விழாத தோரா

வேணாங்க்கா, நீங்க சாப்பிடுங்க. இந்தப் பண்டிகைக்கு சீஸ் கேக் இல்லாம எப்படின்னு கேக்குறீங்க, நியாயந்தான். இப்ப பசிக்கலைக்கா. ஆமா, தோள்ல கெடக்குறது ஜெப ஆலயத்துல போத்துற துணிதான். கழட்ட மறந்துட்டேன்.

உள்ள இருக்குறது எங்கப்பா. எஃப்ரோயிம்னு பேரு. இடுப்பெலும்பு போச்சு. பண்டிகையும் அதுவுமா, வண்டி ஏறக்கூடாத நாள்ல, ஆஸ்பத்திரிக்கு வண்டியில வரலாமான்னா... உசுருன்னு வந்துட்டா வரலாம்க்கா. வந்தே ஆகணும். அதையும் தோரா வேதந்தானே சொல்லுது.

அந்தக் காலத்துல இதே நாள்லதானே அதை சீனாய் மலையில கடவுள் குடுத்தாரு. இனிமே பொறக்கப் போற உசுருங்ககூட அன்னிக்கு அங்க நின்னுச்சும்பாங்கல்ல? சின்னப் பையனா இருக்கறப்ப அப்பாகிட்ட கேட்டேன், நீங்க பாத்தீங்களாப்பான்னு. பாக்காம என்னடா, மலையே புகைஞ்சுச்சு, நீ பயந்துபோய் என் கையப் புடிச்சுட்டு நின்னேன்னாரு. ரொம்ப நாள் நெசம்னே நெனச்சுட்டிருந்தேன்.

இன்னிக்கு பத்துக் கட்டளை வாசிப்பு. வாசிச்சது நான்தான். அப்பாவையும் அம்மாவையும் மதிச்சு நடன்னு, ராகம் போட்டு வாசிச்சேன் பாருங்க. முடிஞ்சதும் தோராச் சுருளை விரிச்சபடி தூக்கி எல்லாருக்கும் காட்டணும். அந்த மரியாதை தனக்கு வேணும்னாரு அப்பா. கனம் தாங்காதுப்பான்னேன். அடுத்த வருஷம் இருக்கேனோ என்னவோன்னாரு. ஒதுங்கி வழி விட்டேன்.

தூக்கிட்டாரு. சபையே எந்திரிச்சு நின்னு, மோசே குடுத்த தோரா இதுதான்னு பாடுது. மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். திரும்பறப்ப முட்டி மடங்கிருச்சு. நான் பாஞ்சு போய்த் தோராவைக் கட்டிப் புடிச்சுட்டேன். அவரு மேடைப் படியில போய் விழுந்தாரு.

புத்தகந்தானேன்னு லேசா சொல்லிராதீங்கக்கா. தோல்ல ஒவ்வொரு எழுத்தா கையால எழுதுனது. ஒரு எழுத்து அழிஞ்சாக்கூட, சரி பண்ற வரைக்கும் வாசிக்க முடியாது. கீழ விழுந்தா பாத்தவங்க அத்தனை பேரும் நாப்பது நாள் நோன்பு இருக்கணும்பாங்க. அதான், ஆலயத்தைப் பாத்துக்குற லைபிஷ், எங்கப்பா தரையில முனகிட்டுக் கெடக்குறப்ப, என் கைக்கு முத்தம் குடுக்குறாரு. சபையையே காப்பாத்திட்டேப்பாங்குறாரு. பின்னாடி நின்னவங்களும் சபாஷ்ங்குறாங்க. உடம்பே கூசிப்போச்சுக்கா.

பக்தியா? நீங்க வேற. எல்லாரும் பாக்குறாங்களே, என்ன சொல்லுவாங்களோன்னுதான் மனசுல ஓடுச்சு. கடவுளும் ஞாபகத்துல இல்ல, அப்பாவும் ஞாபகத்துல இல்ல.

இப்ப உள்ள டாக்டர்கிட்ட அவரு என்ன சொல்லிட்டிருக்காரு தெரியுமா? விழப்போறோம்னு தெரிஞ்சதும் தோராவைப் பையன்கிட்ட நீட்டிட்டேன், அவன் சரியா வாங்கிக்கிட்டான்னு. நர்ஸம்மாகிட்டயும் அதேதான். பெருமையா வேற சொல்றாரு. வாய்ல பொய்யே வராத மனுஷன்க்கா.

விழறப்ப தோரா அவரு இடது கையில சரிஞ்சு கெடந்துச்சு. என்கிட்ட நீட்டுனது வலது கைய. அதுல ஒண்ணுமே இல்ல.