கொடியில் காயாத கவுன்

இல்ல ரெனாட்டா, வீட்டுக்காரிதான். அந்த ஷெர்ரர் கிழவிதான் உன்னைப் பத்திப் போலீசுக்குச் சொன்னா. வேற யாரு சொல்லுவா?

அவ மூக்கு இருக்கே, மூணாவது மாடியில நாங்க பூண்டு உரிச்சா கீழ ஜன்னலைச் சாத்துவா. நாத்தமாம். தூ. அவ உருக்குற பாலாடைக்கட்டி வாடைக்குச் செத்த ஆடே எந்திரிச்சு ஓடும்.

எங்களை எப்படி வரவேத்தானுங்கன்னு உங்கப்பன் சொன்னதில்லையா? துல்லியோ சொல்லியிருக்க மாட்டான். கூலி வேலைக்குன்னு இந்த நாட்டுக்கு வந்தப்ப எல்லையில ரயிலை நிறுத்தி, அத்தனை ஆம்பளையையும் அம்மணமா வரிசையில நிக்க வச்சானுங்க. கழுதை வாங்க வந்தவன் மாதிரி டாக்டர் பல்லைப் பாத்தான். அப்பறம் பேன் மருந்துப் பொடி. நான் தும்முன தும்மல்ல முன்னால நின்னவன் மீசை பறந்துபோச்சு. சிரிக்காத, நெசம்.

ரோடு போட எங்க கை வேணும். லாண்டரிக்கு உங்கம்மா கை வேணும். பிள்ளையைக் கூட்டிவர மட்டும் ஆகாது, சட்டம். கண்ணுல பட்டா குடும்பத்தோட ரயிலேத்திடுவான். அதான் அஞ்சு வயசுல உன்னை அலமாரிக்குள்ள வச்சாங்க. அவங்க வேலைக்குப் போய் வர்ற வரைக்கும் உள்ளதான். இருமல் வந்தா தலைகாணியைக் கடிச்சுக்கோன்னு உங்கம்மா இனெஸ் சொல்லிக் குடுத்திருந்தா. அடுத்த ரூம்தானே நான், எல்லாம் தெரியும்.

நம்ம ஊர்ல எந்தக் கிழமையும் துவைக்கிற கிழமை. இங்க ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டா கொலைக்குத்தம். உங்கம்மா அது தெரியாம உன் கவுனைக் கொடியில போட்டுட்டா. கிழவி பாத்துட்டா. அவ்வளவுதான் கதை.

என்னது? போடவே இல்லியா? கட்டிலுக்கு அடியிலதான் காயவச்சாளா? இனெஸ் சொன்னாளா? சாகறதுக்கு முன்னாடியா?

ம்.

இரு, கொஞ்சம் கிராப்பா சாராயம் ஊத்திக்கறேன்.

ரோட்டு வேலையில மத்தியானம் ரொட்டி திங்கறப்ப கூட்டாளிங்க என்கிட்ட கதை கேப்பானுங்க. மேஸ்திரி ஹுக்லரும் வந்து குந்துவான். எங்களைப் பன்னின்னு கூப்பிடற பய, என் கதைக்குச் சிரிப்பான். அவன் சிரிச்சா எனக்கும் ஏதோ பெருமை. சீ. ஒருநாள் கைவசம் இருந்த புளுகெல்லாம் தீந்துபோச்சு. அவன் எந்திரிக்கப் பாத்தான். நான் சொன்னேன், எங்க வீட்ல ஒரு பொண்ணு அலமாரிக்குள்ள குடியிருக்கு, இருமல் வந்தா தலைகாணியைக் கடிச்சுக்கும்னு.

நான்தானே சொல்றேன், யாரு நம்புவா? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. துல்லியோ மட்டும் சிரிக்கல, வாய்க்குப் போன ரொட்டி அப்படியே நின்னுச்சு. ஹுக்லர் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, எந்த மாடின்னு கேட்டான். ஜோரா போயிட்டிருந்த கதை... மூணாவதுன்னேன்.

மறுநாள் காலையில போலீசுக்காரனுங்க வந்தானுங்க.

என் ஆயுசுல பொய் கலக்காம நான் சொன்ன கதை அது ஒண்ணுதான் தாயி. இது ரெண்டாவது.

குடி, காப்பி ஆறுது.