கேஸ் மாத்திரையை மூன்று முறை கொடுத்தது குறித்து

என் பெயர் விஜயகுமாரி, வயது 47, கணவர் பெயர் சாமியப்பன், காலமாகிவிட்டார். திருப்பூர் மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். நான்காம் வகுப்பு வரை படித்து, தற்சமயம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். டாக்டர் இளங்கோ கொடுத்த புகாரில் கண்ட காரியத்தை நான்தான் செய்தேன், வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் கணவருக்கு நெஞ்சு வலித்து, இடது கை மரத்து, சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்தது. ஏழே காலுக்கெல்லாம் ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தானே நடந்து போய், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பணியில் இருந்த டாக்டர் இளங்கோ, "கேஸ்தாம்மா, மாத்திரை போட்டுப் படுக்கட்டும்" என்றார். அங்கேயே ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். அதன் பிறகு இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. ஒன்பது மணிக்கு உயிர் போய்விட்டது. அதன் பிறகு கொடுத்த தாளில், உறவினர் தாமதமாகக் கொண்டுவந்ததாக எழுதியிருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் நிதிஷ் அதைப் படித்துவிட்டு, காரியம் முடிந்த அன்றே கிளம்பிப் போனான். பதினொரு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளை வர்ஷினி நர்சிங் படிக்கிறது. அவர்கள் கல்லூரியில் பாடத்தைச் செல்போன் கேமாகக் கொடுத்திருக்கிறார்கள். நோயாளி வருவார், படத்தைத் தொட்டு வைத்தியம் செய்ய வேண்டும், தப்பாகத் தொட்டால் செத்துப்போவார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்ஷினி விளையாடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து ஓர் ஆள் வந்தார். "பத்து நிமிசத்துக்குள்ள இசிஜி எடுக்கோணுங்க அத்தை" என்றது வர்ஷினி. எடுக்காமல் கேஸ் மாத்திரை கொடுத்துப் பார் கண்ணு என்றேன். கொடுத்தது. அந்த ஆள் செத்தார். போனுக்குள்ளிருந்து ஒரு குரல், "நோயாளி இறந்துவிட்டார். தாமதம் உங்களுடையது" என்றது. அது டாக்டர் இளங்கோவின் குரல். கேமைச் செய்தவர் அவர்தான், கல்லூரிக்கு வந்து வகுப்பும் எடுக்கிறார் என்று வர்ஷினி சொன்னது. உரித்த மொச்சையை அன்று யாரும் சமைக்கவில்லை.

அதன் பிறகு தினமும் வர்ஷினியின் போனை வாங்கி, அந்த ஆளை மட்டும் கொன்று பழகினேன். எதற்கு வாங்குகிறேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

கடந்த வெள்ளிக்கிழமை கல்லூரியில் பெற்றோரை அழைத்து அந்தக் கேமைப் பெரிய திரையில் காட்டினார்கள். வர்ஷினியின் அம்மாவோடு நானும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். படிக்காதவர்களும் விளையாடலாம், யார் வருகிறீர்கள் என்று டாக்டர் மைக்கில் கேட்டார். கை தூக்கிவிட்டு மேடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எழுத்துக் கூட்டித்தான் படிப்பேனுங்க டாக்டரு, ஆளக் கொன்னு போட்டா வைவீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, "கேம்தானேம்மா, தாராளமா கொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு கேஸ் மாத்திரையைத் தொட்டேன், படுக்க வைத்தேன், சும்மா இருந்தேன். பிள்ளைகள் எல்லாம் இசிஜி, இசிஜி என்று கத்தினார்கள். அந்த ஆள் செத்தார், டாக்டரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. மறுபடியும் அதையே செய்தேன். மூன்றாவது தடவை டாக்டர், "ஏம்மா, அதையே பண்றீங்க?" என்றார். "எம்பட ஊட்டுக்காரருக்கு நீங்க பண்ணுன வைத்தியந்தானுங்க, வேற எனக்குத் தெரியாதுங்களே" என்றேன். என் கணவர் பெயரையும் அவர் இறந்த தேதியையும் மைக்கிலேயே சொன்னேன்.

எங்கள் வேலையில் பீஸில் பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவோம். என் பையில் இருந்த ஸ்டிக்கரில் ஒன்றை எடுத்து, டாக்டரின் வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்கு நேராக ஒட்டினேன். நெஞ்சில் அடித்ததாகப் புகாரில் இருப்பது பொய். சந்தேகம் இருந்தால் அவர் இசிஜி எடுத்துப் பார்க்கட்டும், பத்து நிமிடத்துக்குள்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்லியனுப்பினார். தர மாட்டேன். அவமானப்படுத்தத்தான் போனேன், அது நன்றாகவே நடந்தது. தாமதம் தன்னுடையது என்று அவர் நிதிஷுக்குப் போன் போட்டுச் சொல்லட்டும், நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அதுவரை அவர் எந்த ஊரில் அந்தக் கேமைக் காட்டினாலும், முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

இதை ஏட்டு எழுதி வாசித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் நடந்தது.

(கையொப்பம்) விஜயகுமாரி