கோர்ட்டைக் காணேல்லை

காலை ஒன்பது நாற்பதுக்கு, வால்தம்ஸ்டோ பஸ்ஸுக்காக நின்ற வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"இஞ்சை கோர்ட்டைக் காணேல்லையப்பா."

திரும்பினேன். என் வயதுத் தம்பதி. அவர்களுக்குப் பக்கத்தில் பழைய நீதிமன்றக் கட்டடம். கல்லில் செதுக்கிய அரச இலச்சினை அப்படியே இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

"இதுதான் கோர்ட். கடைக்குச் சாராய லைசென்ஸ் இதிலதானே எடுத்தனான். மேலை கோர்ட், கீழை ஆக்களை அடைக்கிற செல். நூறு வருசக் கட்டடம், எங்கை எழும்பிப் போகும்?"

"கடிதத்தில என்ன விலாசம்?"

"பாக்கேல்லை. வீட்டில கிடக்கு. தெரிஞ்ச இடம்தானே எண்டு..."

"ஐயோ, பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவருவாங்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளை. பிணை நிக்க நாங்கள் இல்லாட்டித் திரும்ப உள்ளுக்குப் போட்டிடுவாங்கள். லோயருக்கு அடியுங்கோ!"

"அடிக்கிறன். போனை நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

"அப்ப அவர் கோர்ட்டுக்குள்ளை நிக்கிறார். எந்தக் கோர்ட்டப்பா?"

கணவர் பூட்டிய கதவைத் தட்டினார்.

என் மகனுக்கும் பத்தொன்பது வயது. பஸ் வந்தது, என்னால் ஏற முடியவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு, சாவிக்கொத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் விரைந்து வந்தாள். அவர்களைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில் கேட்டாள்:

"பத்து மணிக்கு இந்தக் கட்டடத்தில் ஃபிளாட் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் நீங்கள்தானே?"