கடலில் ஏது கொல்லை?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவரும் அவருடைய மச்சானும். அவர் கையில் துபாய்க் கடிதம். ஊரில் தென்னை மரம் ஏறிக்கொண்டிருந்த அவர் தம்பி, அங்கே ஓர் அரபியின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்கிறானாம்.

“கம்பத்து உச்சியில கயிறு சிக்கிக்கிச்சாம் மச்சான். படகுல இவன் ஒத்தையாளு. வழுக்குனா புடிக்க ஆளில்ல.”

“அப்புறம்?”

“இடுப்புக்கு ஒரு கயிறு, காலுக்கு ஒரு கயிறு. ஒன்னு இறுக்கிப் புடிச்சாத்தான் இன்னொன்ன நவுத்தணும். எல்லாம் சரியா மாட்டிக்கிட்டு, ‘மரம் ஏறுறேன்’னு மூணு தடவ சத்தம் குடுத்திருக்கான்.”

“கடல்ல யாருக்குடா சத்தம்?”

“அக்கம்பக்கத்துக் கொல்லையில பொம்பளைங்க குளிச்சிட்டிருந்தா உள்ள போவ வேணாமா?”

“கடல்ல ஏதுடா கொல்லை?”

“மரம்னா சத்தம் குடுத்துட்டுத்தானே ஏறணும்?”



“சரி, ஏறிட்டானா?”

“எங்க? நம்ம ஊர்ல சத்தம் குடுத்தா உள்ள போவாங்க. அங்க பக்கத்துப் படகுல இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் என்னமோ ஏதோன்னு வெளிய வந்து அண்ணாந்து பாத்தாங்களாம். இவன் கைலியோட பாதிக் கம்பத்துல.”

“அடக் கடவுளே!”

“கயிறு ரெண்டும் நல்லாத்தான் புடிச்சிருந்துச்சு. இவன்தான் எறங்கிட்டான்.”

“இப்ப அரியலூர்ல உனக்கு என்ன வேல?”

“ரெண்டு நிஜார் தைக்கக் குடுக்கணும். அது போய்ச் சேர்ற வரைக்கும் கம்பத்துல கை வெக்க மாட்டானாம்.”